கூடத்துச் சுவரில் கடல்

கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும் லெப்பைக்குடிக்காட்டில் ஃபஹ்மிதா கட்டிய புது வீட்டில், குடிபோன மறுவாரமே, 1998 ஐப்பசியில், கூடத்துச் சுவர் வழியாகக் கடல் கசிந்தது. முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. மழை ஈரம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மழை விட்டு வெயில் காய்ந்த பிறகும் அது பாய் அகலத்துக்கு வளர்ந்தது. காலையில் மேலே ஏறியது, மத்தியானம் கீழே இறங்கியது. கொத்தனார் காசிநாதன் பூச்சைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புக் கரிக்குதும்மா. குழாய்த் தண்ணின்னா அடைச்சுடுவேன். இது கடத்தண்ணி," என்று சொல்லிவிட்டுக் கரணையைக் கழுவிக்கொண்டு போனார்.

வேறு வீடாக இருந்தால் இது பெரிய சங்கதி இல்லை. ஃபஹ்மிதாவின் புருஷன் அப்துல் சலாம் ஷார்ஜாவில் இருந்தார். அவருடைய சம்பாத்தியத்தில், அஸ்திவாரத்திலிருந்து நிலைக்கதவு வரை அவளே கூட நின்று கட்டிய வீடு அது. பொம்பளை நின்று கட்டும் வீடு உருப்படாது என்று சலாமின் அண்ணன் காதர் பாட்சா தெருவெல்லாம் சொல்லியிருந்தார். அதனால் சலாம் போனில், "வூடு எப்படி புள்ள இருக்கு?" என்று கேட்டபோதெல்லாம், "ஒரு கொறையும் இல்ல மச்சான்," என்றே சொல்லிவந்தாள்.

கறையை மறைக்க முதலில் ஜவுளிக்கடைக் காலண்டரை மாட்டினாள். தாள் உப்புப் பூத்து உதிர்ந்தது. நீல டிஸ்டம்பர் அடித்தாள். கறை அந்த நீலத்தையும் வாங்கிக்கொண்டு முன்னைவிடக் கடலாகத் தெரிந்தது. ஷோகேஸை நகர்த்தி வைத்தாள். பீங்கான் கோப்பைகளுக்குள் சிப்பிகள் குடியேறின. கடைசியில் தன் பச்சைப் பட்டுப் புடவையை வெட்டி, மேலிருந்து தரைவரை திரை தைத்துத் தொங்கவிட்டாள். உள்ளிருந்து வந்த காற்றில் அது நாள் முழுக்கப் புடைத்தே நின்றது. கரண்டு இல்லாத நேரத்திலும் அதை ஃபேன் காற்று என்றே சொன்னாள். ஒருநாள் காதர் பாட்சா வந்து, கூடத்தில் மீன் வாடை அடிக்கிறதே என்றார். கருவாட்டுக் குழம்பு என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அவசரமாக ஒன்று வைத்தாள். அதன் ருசிக்காகவே அவர் வாரம் தவறாமல் வர ஆரம்பித்தார்.

2001 சித்திரையில் சலாம் வந்து சேர்ந்தார். அறை அறையாகப் பார்த்து, கதவுகளைத் தடவி, "மாஷா அல்லா" என்றார். வாசல் பக்கம் அவள் போட்டு வைத்த நாற்காலியை, குளுகுளுவென்று இருக்கிறதே என்று திரையோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகு நனைந்தது. எழுந்து திரையை விலக்கினார். முழங்கால் உயரத்தில் ஓர் அலை வந்து, நுரைத்து, திரும்பிப் போனது.

ஃபஹ்மிதா டீ கிளாஸோடு நின்றாள். "மூணு வருசமா இதத்தான் மறைச்சேன் மச்சான். நீங்க கஷ்டப்பட்டு அனுப்புனத வீணாக்கிட்டேன்னு நெனைச்சுடுவீங்களோன்னு பயம்."

சலாம் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கை வரை சுவருக்குள் கையை விட்டுப் பார்த்தார். "அங்க ரூமுக்கு எதுக்க கடல்தான். ஏழு வருசத்துல ஒரு நாள் கால நனைச்சதில்ல. தனியா போயி என்னத்தப் பாக்குறதுன்னு உட்டுட்டேன்," என்றார். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வா புள்ள," என்று கையை நீட்டினார். டீ ஆறிப்போனது. மத்தியானம் தண்ணீர் வற்றும் வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். அவள் அப்படிச் சிரித்ததை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை.

சலாம் ஷார்ஜாவுக்குத் திரும்பவில்லை. பெரம்பலூரில் செருப்புக் கடை வைத்தார். திரையை எடுத்துவிட்டு அந்த இடத்துக்குத் தேக்குச் சட்டம் போட்டார்கள். அக்னி நட்சத்திரத்தில் தெருப் பெண்கள் வேலையை முடித்துவிட்டு வந்து, அங்கே காலை நீட்டி உட்கார்ந்து கதை பேசினார்கள். காதர் பாட்சா வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஜன்னல் நல்ல எடத்துலதான் வச்சிருக்கா," என்றார்.

2006 நோன்புப் பெருநாளுக்கு முன்பு பெயிண்டர் வைரக்கண்ணு சுவர் அளக்க வந்தார். சதுர அடிக் கணக்கில் கதவு, ஜன்னல்களைக் கழிப்பதுபோலவே கடலையும் அளந்து கழித்துவிட்டு, அடுப்படியிலிருந்து வேலையை ஆரம்பித்தார்.