மைனாவதியின் ஃபாக் லைட்

கார்களிலிருந்து பட்டன்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஒரு தொடுதிரையை வைத்த ஆண்டில், எடுக்கப்பட்ட பட்டன்கள் டிரைவர்களின் மனைவிமார் மேல் முளைத்தன. கல்யாணமாகாதவர்களுக்கு அம்மா மேல் முளைத்தன. யாருமில்லாத டிரைவர்கள் திரையைத் தடவிக்கொண்டே போய் லாரிகளுக்கு அடியில் நுழைந்தார்கள். எங்கள் நாமக்கல்லில் லாரிகளுக்குப் பஞ்சமில்லை.

என் மனைவி மைனாவதிக்கு எல்லாமே வலது பக்கமாக வந்தது எங்கள் நல்ல காலம். ஏசி திருகு மணிக்கட்டில். பாட்டுச் சத்தம் முழங்கையில். வைப்பர் காது மடலில், தோட்டுக்குச் சற்று மேலே. ஃபாக் லைட் பிடரியில். அன்றிலிருந்து என் டாக்ஸியில் முன் சீட் அவளுடையது. சவாரிக்கு வருகிறவர்கள் கேட்காமலே பின்னால் ஏறிக்கொள்வார்கள்.

திரையில் வைப்பரைப் போட வேண்டுமானால் நாலு பக்கம் தள்ள வேண்டும். நடுவில் ஒப்புக்கொள்கிறீர்களா என்று வேறு கேட்கும். அவள் காது மடல் எதையும் கேட்காது. பனி இறங்கினால் நான் சொல்வதற்கு முன்பே கொண்டையைத் தூக்கிப் பிடித்து, என் கைக்கு எட்டும்படி தலையைக் குனிந்து கொடுப்பாள். நான் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காத டிரைவர். ஸ்டாண்டில் எனக்கு இருந்த மரியாதையே அதனால்தான்.

சில சங்கடங்களும் உண்டு. ஏசியைக் கூட்டினால் அவள் கை விறைக்கும். வைப்பர் ஓடும்போது இமைகள் படபடவென்று அடித்துக்கொள்ளும். பாட்டைக் குறைத்தால் அவள் பேச்சும் சேர்ந்து குறையும். சவாரிக்காரர் போன் பேசுகிறாரே என்று குறைத்து வைப்பேன், திரும்பக் கூட்ட மறந்துவிடுவேன். அந்த நாட்களில் வீட்டில் நிம்மதியாகவே சாப்பிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் அவள் பிடரியில், ஃபாக் லைட்டுக்கு ஒரு விரற்கடை கீழே, இன்னொரு பட்டன் வந்தது. அதில் எந்தக் குறியும் இல்லை.

"ஏனுங்க, இது நேத்து இல்லீங்களே. எனக்குப் பயமா இருக்குதுங்க."

மெக்கானிக் ரபீக்கிடம் கூட்டிப்போனேன். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பேரு போடாத பட்டன். எதுக்குன்னு கம்பெனிக்காரனுக்கே தெரியாது. கை வெச்சுறாதீங்க."

மேலே ஒரு பிளாஸ்திரியை அவரே ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு மைனாவதி மல்லாந்து படுக்கவில்லை. சுவர்ப் பக்கம் ஒருக்களித்து, விழித்துக்கொண்டே கிடந்தாள்.

"மழை முடியற வரைக்கும் நீங்களே அந்தத் திரையத் தொட்டு ஓட்டுங்களேன். நான் ஊட்டுலயே இருந்துக்கறேன்."

"அப்புறம் ரோட்டை யாரு பாக்கறது?" என்றேன்.

அவள் பதில் சொன்னாளா என்று தெரியவில்லை. பாட்டு குறைவாக வைத்திருந்தேன்.

குழந்தைக்கு மொட்டை போட ஒரு குடும்பம் கொல்லிமலைக்குக் கூப்பிட்டது. பாதி மலையில் மழை பிடித்தது. காது மடலைத் தட்டினேன். ஜன்னல் இடுக்கு வழியே சாரல் அவள் கழுத்து வரைக்கும் அடித்ததில் பிளாஸ்திரி நனைந்து உரிந்திருக்கிறது. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கிறவன் இல்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் பனி மொத்தமாக இறங்கியது. அவள் கொண்டையைத் தூக்கித் தலையைக் குனிந்து கொடுத்தாள். அழுத்தினேன். ஃபாக் லைட் எரியவில்லை.

மைனாவதி அணைந்துவிட்டாள்.

"அக்கா தூங்கிட்டாங்களா?" என்று குழந்தையின் அம்மா பின்னாலிருந்து கேட்டார்.

"ஆஃப் ஆயிட்டாங்க."

"அய்யய்யோ. அப்ப லைட்டுக்கு என்னங்க பண்ணுவீங்க?"

பாக்கி வளைவுகளை ஹாரன் அடித்துக்கொண்டே ஏறினேன். கோயில் வாசலில் அவர்கள் இறங்கிய பிறகு, குறியில்லாத அந்தப் பட்டனை மறுபடி அழுத்தினேன். அவளிடம் அசைவில்லை. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றி வட்டம் போடத் தொடங்கியது. 'புதுப்பிக்கப்படுகிறது. காத்திருக்கவும்' என்று கீழே எழுதியிருந்தது. ரபீக்குக்குப் போன் போட்டேன்.

"வண்டிய அணைச்சுறாதீங்க. வட்டம் நிறையட்டும். நடுவுல இன்ஜின் நின்னுச்சுன்னா அவ்வளவுதான்."

கேனில் டீசல் வாங்கி வாங்கி ஊற்றினேன். சொந்தக்காரர்கள் பஸ் பிடித்து மலையேறி வந்தார்கள். பாதிப்பேர் மாலையோடு வந்திருந்தார்கள். அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் காரைச் சுற்றி நின்றார்கள். அவ்வப்போது திரையை எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள்.

வண்டி நின்றிருந்ததால் எனக்குப் பார்க்க ரோடு இல்லை. அவளைப் பார்த்தேன். காதுக்கு மேலே நரைத்திருந்தது. கீழுதட்டில் ஒரு தழும்பு. எப்போது பட்டதென்று எனக்குத் தெரியாது. என் மனைவி அழகாக இருந்தாள். முழங்கைத் திருகைக் கடைசி வரைக்கும் கூட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எந்தச் சத்தமும் வரவில்லை. அவள் போய்விடுவாளோ என்ற பயத்தில் அழுதேன்.

வட்டம் நிறைந்தது. மைனாவதி கண்ணைத் திறந்தாள்.

"நகருங்க," என்றாள்.

நான் இறங்கிச் சுற்றிவந்து இடது பக்கம் ஏறினேன். அவள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன் அவள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. சொந்தக்காரர்கள் மாலைகளை பானட் மேல் வைத்துவிட்டு வழிவிட்டார்கள்.

"மைனா, வலிச்சுதா?" என்று கேட்டேன்.

அவள் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடது கை மட்டும் வந்து என் முழங்கையைத் தடவி, திருகைக் கண்டுபிடித்து, ஒரு சுற்றுக் குறைத்தது. இன்னொரு முறை கேட்டேன். எனக்கே கேட்கவில்லை.

முதல் வளைவில் பனி இறங்கியது. அவள் கை என் பிடரிக்கு வந்தது. அங்கே இருப்பது ஒன்றா இரண்டா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு எட்டட்டும் என்று தலையைக் குனிந்து கொடுத்தேன்.