கேட்காத கேள்விக்கு வந்த பதில்

அலுவலகத்தில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. எதைக் கையில் கொடுத்தாலும், "இது இப்படி ஆகலேன்னா?" என்றுதான் ஆரம்பிப்பாள். "சந்தேகம் வருது, கதவைச் சாத்து" என்று நிரல் எழுதுகிறவர்கள் அவள் காது கேட்கவே சொல்வார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். வீட்டிலும் அவள் அப்படித்தான். பாதி வழி போன பிறகு அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ரகம்.

அன்று காலை எழுந்ததிலிருந்தே அவளுக்கு ஒரே கவலை. காரணம் இரண்டு. ஒன்று, நாத்தனாருக்குப் பித்தப்பையில் கல். அன்றைக்கு அறுவைச் சிகிச்சை. கணவன் வேலையாக வெளியூர் போயிருந்ததால் இவள்தான் துணைக்குப் போக வேண்டும். இன்னொன்று, அவளுடைய குழு ஒரு வருடமாக உயிரை விட்டுச் செய்த இணையச் சேவை அதே மருத்துவமனையில் அன்றுதான் முதன்முதலாக ஓடத் தொடங்கியிருந்தது.

அந்தச் சேவை செய்கிற வேலையைச் சொல்வது எளிது. ஊரைச் சுற்றிப் பல சின்னக் கிளினிக்குகள். பெரும்பாலான கிளினிக்குகளின் கணினியில் ஒரே நிறுவனம் செய்த பழைய மென்பொருள். பெரிய மருத்துவமனையில் இருப்பதோ வேறு ஒருவர் செய்த புதியது. இது பேசுவது அதற்குப் புரியாது. கிளினிக்கிலிருந்து ஒரு நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பினால், அவருடைய விவரங்கள் இவர்களுடைய சேவை வழியாக வரும். நடுவிலேயே அது மொழி மாற்றி மருத்துவமனைக்குப் புரிகிற மாதிரி கொடுத்துவிடும். செய்வதுதான் எளிதாக இல்லை. தேதியை ஒரு பக்கம் முன்னே எழுதும், மறுபக்கம் பின்னே எழுதும். எடையில் ஒரு புள்ளி தவறினால் ஆள் யானையாகிவிடுவார். கிளினிக் மென்பொருள் நிறுவனத்துப் பொறியாளரோடு அவள் தொலைபேசியில் மல்லுக்கு நின்ற நாட்களுக்குக் கணக்கில்லை. அந்த ஆளை யாரும் நேரில் பார்த்ததில்லை. குழுவில் எல்லாரும் அவரை 'எதிர்க்கட்சி' என்றே சொன்னார்கள்.

மருத்துவமனை வாசலில் இறங்கும்போது மேலாளர் அழைத்தார். எதற்கெடுத்தாலும் அவசரம் என்பவர்.

"எல்லாம் பச்சை! காலைலேருந்து ஒரு பிழை கூட வரல. மேலிடத்துலேருந்து வாழ்த்தெல்லாம் வந்தாச்சு. இன்னைக்காவது நிம்மதியா இரும்மா."

"ஒண்ணு கூட வரலியா சார்?"

"அதுக்கும் கவலையா? வேற ஆளைப் பார்க்கணும் நான்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

அவளுக்கு நிம்மதி வரவில்லை. இத்தனை கிளினிக்கிலிருந்து இத்தனை பேர் வந்திருக்க, ஒரு தும்மல் கூடப் போடாமல் ஒரு மென்பொருள் ஓடுமா?

நாத்தனார் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மருத்துவமனை அங்கி பெரிதாக இருந்ததில் தோள் நழுவிக்கொண்டே இருந்தது. வாய் மட்டும் வழக்கம்போல் ஓயவில்லை. "வந்துட்டியா? இந்தத் தலகாணியப் பாரு, கல்லை எடுக்க வந்த எடத்துல கல்லையே தலைக்கு வெச்சிருக்காங்க."

அப்போது தலைமை நர்ஸ் சக்கரம் வைத்த மேசையில் கணினியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நடுத்தர வயது, நரையைப் பின்னுக்கு இழுத்து முடிந்த கொண்டை, நடையில் ஒரு வேகம். திரையைப் பார்த்துக் கடகடவென்று படித்தார். பெயர், வயது, ரத்த வகை, பழைய நோய்கள். "மருந்து ஒவ்வாமை இல்லை. சரிதானே?" நாத்தனார் தலையாட்டினாள். "அப்ப ஒரு ஊசி போட்டுடறேன். கிருமி சேராம இருக்கறதுக்கு" என்று நர்ஸ் தட்டில் இருந்த மருந்துக் குப்பியை எடுத்தார்.

சந்தேகத்தின் கண் திரையில் இருந்த அந்த ஒரு வரியில் போய் நின்றது. ஒவ்வாமை: இல்லை. தான் செய்த சேவை தன் வீட்டு மனுஷியைப் பற்றிச் சொன்ன வரி. பெருமைப்பட்டிருக்கலாம். அவள் வாய் கேள்வியைக் கேட்டுவிட்டது.

"அண்ணி, கிளினிக்ல உங்ககிட்ட ஒவ்வாமை இருக்கான்னு கேட்டாங்களா?"

"எந்த ஆமை?"

"அலர்ஜி, அண்ணி. ஏதாவது மருந்து ஒத்துக்காம போறது."

"அதை எவன் கேட்டான்? அந்த டாக்டர் தலையத் தூக்கிப் பார்த்தாதானே! வயித்தை அமுக்கினாரு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னாரு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு."

"அப்படி எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?"

"ஒரு தரம் போயிருக்கு. தொண்டை வலின்னு ஒரு ஊசி போட்டாங்க. மூஞ்சி வீங்கி, மூச்சு முட்டி, பிழைச்சதே பெரும்பாடு. உன் புருஷன் அப்ப சின்னப் பையன், என்னைப் பார்த்து யாரோன்னு அழுதுட்டான். அந்த ஊசிக்கு என்னமோ பேரு... பென்சில் மாதிரி வரும்."

நர்ஸின் கை அப்படியே நின்றது. குப்பியைத் திருப்பி அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். நாத்தனார் சொன்ன பென்சில், பெனிசிலின்; குப்பியில் இருந்தது அதன் சொந்தக்கார மருந்துதான். மெதுவாகத் தட்டில் திரும்ப வைத்தார்.

"ஏம்மா, இப்பதானே நான் ஒவ்வாமை இல்லைன்னு படிச்சேன்? நீங்க தலையாட்டினீங்களே!"

"கம்ப்யூட்டர்லயே போட்டிருக்கேன்னு நினைச்சேன். அதுக்குத் தெரியாதது எனக்கா தெரியப் போகுது?"

சந்தேகம் வராந்தாவுக்கு வந்து எதிர்க்கட்சியை அழைத்தாள். அவசரத்தில் வேறொருவருக்குப் போய், அதை வெட்டி மறுபடியும் போட்டாள்.

"ஒரே ஒரு கேள்வி. கிளினிக்ல ஒவ்வாமையப் பத்திக் கேட்கவே இல்லேன்னா, நீங்க எங்களுக்கு என்ன அனுப்புவீங்க?"

"ஒண்ணும் அனுப்ப மாட்டோம்."

"ஒண்ணும்னா? காலியாவா?"

"காலியா அனுப்ப மாட்டோம்னு அன்னைக்கே சொன்னேனே மேடம். அந்த வரியே இருக்காது."

அவள் சுவரில் சாய்ந்தாள். ஆமாம், சொன்னார். "காலியா அனுப்புவீங்களா?" என்று இவள் கேட்டாள், "மாட்டோம்" என்றார். இரண்டு பேரும் உண்மையைத்தான் பேசினார்கள். ஆனாலும் அவள் விடாமல், அந்த வரி காலியாக வந்தால் என்ன ஆகும் என்று சோதித்தும் பார்த்தாள். சேவை அதைப் பிழை என்று சரியாகத் திருப்பி அனுப்பியது. வரியே இல்லாமல் வந்தால் என்ன ஆகும் என்று மட்டும் சோதிக்கவில்லை. இப்போது சோதிக்காமலே தெரிந்தது. வராத வரிக்கு அவர்களுடைய சேவை, தன் வழக்கப்படி, 'இல்லை' என்று ஒரு பதிலைத் தானே போட்டு அனுப்பியிருக்கிறது. யாரும் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லியிருக்கிறது. அதனால்தான் ஒரு பிழையும் வரவில்லை. அதனால்தான் எல்லாம் பச்சை.

"மேடம், இருக்கீங்களா?" என்றது தொலைபேசி.

அவள் திரும்ப ஓடினாள். "சிஸ்டர், இன்னைக்கு வெளி கிளினிக்லேருந்து வந்தவங்களுக்கெல்லாம் ஒவ்வாமைன்னு என்ன வந்திருக்கு?"

"எல்லாருக்கும் இல்லைன்னுதான். ஊரே இவ்வளவு ஆரோக்கியமா இருக்கேன்னு நாங்க கூடப் பேசிக்கிட்டோம்..." சொல்லிக்கொண்டே வந்த நர்ஸின் முகம் வெளுத்தது. "அவசரப் பிரிவுல ஒருத்தர் இருக்காரு. சாரத்துலேருந்து விழுந்த பெயின்டர். நினைவே இல்ல. கிளினிக்ல கட்டுப் போட்டுத்தான் இங்க அனுப்பினாங்க. அவரால எப்படிச் சொல்ல முடியும்?"

மேசைத் தொலைபேசியை எடுத்து அவசரப் பிரிவுக்குப் போட்டார். அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டார். "ஒவ்வாமை இருக்கலாம், அவரை விட்டு நகராதீங்க" என்றார். வைத்தார்.

"இப்பதான் போட்டாங்களாம். அதே ஊசி."

சந்தேகம் மேலாளரை அழைத்துப் படபடவென்று சொன்னாள். அவர் நடுவிலேயே வெட்டினார். "இரு, இரு. யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"இன்னும் தெரியல சார். சேவையை உடனே நிறுத்தணும்."

"முதல் நாளே நிறுத்தினா மேலிடத்துல என் தலையை வாங்கிடுவாங்க. சாயங்காலம் சத்தமில்லாம சரி பண்ணிடலாம். நீ வழக்கம்போலப் பயந்து ஊரைக் கூட்டாதே. நான் பேசிட்டு உன்னைக் கூப்பிடறேன்."

அழைப்பு நின்றுவிட்டது. நர்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க அந்தக் கம்பெனியாம்மா?"

"ஆமா சிஸ்டர்."

"எங்க கணினி அறையில சொன்னா உடனே நிறுத்திடுவாங்க. ஆனா நான் சொன்னா, 'உங்களுக்கு என்ன தெரியும்'னுவாங்க. செஞ்சவங்க சொல்லணும். சொல்றீங்களா?"

வேலை போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்கடன், மாமனார் மருந்துச் செலவு, கணவன் முகம் எல்லாம் ஒரு சுற்று வந்து போயின. நர்ஸ் கணினி அறைக்குப் போட்டு நீட்டிய தொலைபேசியை வாங்கினாள். தன் பெயரைச் சொன்னாள், நிறுவனத்தின் பெயரைச் சொன்னாள். "எங்க சேவை தப்பான தகவல் கொடுக்குது. தயவுசெஞ்சு இப்பவே நிறுத்திடுங்க. யார் கேட்டாலும் நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க." பையில் அவளுடைய கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

நர்ஸ் வார்டு வார்டாகப் பேசி, ஒவ்வொரு நோயாளியையும் வாயால் கேட்கச் சொல்லிவிட்டு, நாத்தனாருக்கு வேறு மருந்துக்கு ஏற்பாடு செய்யப் போனார். சந்தேகம் அவசரப் பிரிவுக் கதவுக்கு வெளியே போய் நின்றாள். அங்கே நிற்க அவளுக்கு எந்த வேலையும் இல்லை. ஆனால் வேறெங்கும் நிற்க முடியவில்லை. கதவின் சின்னக் கண்ணாடி வழியாக ஒரு பாதம் தெரிந்தது. நகக்கண்ணில் வெள்ளைப் பெயின்ட். பக்கத்தில் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு இயந்திரத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று இவள் பார்த்தாள். அவர் மூக்கைச் சொறிந்தால் கூட இவளுக்கு நெஞ்சு திக்கென்றது.

பெயின்டரின் மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். வேலை செய்கிற இடத்திலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும். தலையில் வலைத்தொப்பி கூடக் கழற்றவில்லை. டாக்டர் வெளியே வந்து, "உங்க வீட்டுக்காரருக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று கேட்டார்.

"தெரியாது டாக்டர். அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போனவர் இல்ல. எனக்குத் தெரியாது."

தெரியாது. கட்டிய மனைவியே சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அந்தச் சொல்லைச் சொல்ல இவர்களுடைய சேவையில் இடமே இல்லை. 'இருக்கு', 'இல்லை' இரண்டுக்குத்தான் இடம் வைத்திருந்தார்கள்.

நேரம் நகர மறுத்தது. கடைசியில் டாக்டர் கதவைத் திறந்து, "ஊசியால ஒண்ணும் ஆகல. ஒத்துக்கிச்சு. எலும்பு முறிவுக்குத்தான் இனி வைத்தியம்" என்றார். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தேகம் அப்போதே நழுவிப் போயிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"அம்மா" என்றாள். "உங்க வீட்டுக்காரருக்கு ஒவ்வாமை இல்லைன்னு கம்ப்யூட்டர் தப்பா சொல்லிடுச்சு. அதை நம்பித்தான் ஊசி போட்டாங்க. அந்தத் தப்பு எங்க வேலையில வந்தது."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்ப நல்லா இருக்காரில்ல?"

"ஊசியால ஆபத்து இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப இங்க ஏன் நிக்கறீங்க? போய் அதைச் சரி பண்ணுங்க."

நாத்தனாருக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அவள் கண் விழித்து, "கல்லைக் காட்டச் சொல்லு, ஏமாத்திடப் போறாங்க" என்று சொன்ன பிறகுதான் சந்தேகம் அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

அங்கே மேலாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிர்க்கட்சி முதன்முறையாக நேரில் வந்து உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது. இவளைப் பார்த்ததும் எழுந்து, "நான் அன்னைக்கே இன்னும் கொஞ்சம் விளக்கமா சொல்லியிருக்கணும்" என்றார். "நானும் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கணும்" என்றாள் இவள்.

இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு வரியாக எடுத்துவிட்டு, மறுபக்கம் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். கர்ப்பமா என்ற வரியை எடுத்தார்கள்: 'இல்லை' என்று வந்தது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்ற வரியை எடுத்தார்கள்: 'இல்லை'. பின்னால் வந்து நின்ற மேலாளர் அதையும் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அடுத்தது என்ன?" என்றார்.

அனுமதியில்லாமல் சேவையை நிறுத்தச் சொன்னதற்கு மேலிடத்திலிருந்து அவளுக்கு ஒரு கண்டிப்பு வந்தது. வேலை போகவில்லை. இரண்டு பதிலோடு மூன்றாவதாகக் 'கேட்கவில்லை' என்று ஒன்றைச் சேர்த்து, அதைக் கிளினிக் பக்கமும் மருத்துவமனைப் பக்கமும் ஒரே மாதிரி புரிந்துகொள்கின்றனவா என்று மாய்ந்து மாய்ந்து சோதித்து, பல வாரம் கழித்துச் சேவையை மறுபடியும் திறந்தார்கள்.

திறந்த அன்று காலை தலைமை நர்ஸ் அழைத்தார். குரலில் சலிப்பு.

"என்னம்மா இது, உங்க புதுசு வந்ததுலேருந்து வர்றவங்களுக்கெல்லாம் 'கேட்கவில்லை, கேட்கவில்லை'ன்னே சிவப்புல காட்டுது. ஒவ்வொருத்தரா உட்கார வெச்சுக் கேட்டு எங்களுக்கு வாய் வலிக்குது."

அவளுக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்திலேயே பாதியில் நின்றது.

"எல்லாருக்குமா சிஸ்டர்? கேட்டு அனுப்பினவங்களுக்கும் அப்படியே காட்டுதா?"

"இருங்க, பார்க்கறேன்." விசைப்பலகை தட்டுகிற சத்தம். யாரோ இருமினார்கள். கட்டில் சக்கரம் ஒன்று கிரீச்சிட்டுக் கடந்து போனது. அவள் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒருத்தருக்கு 'இருக்கு'ன்னு வந்திருக்கு. மருந்துப் பேரோட" என்றார் நர்ஸ். "இன்னொருத்தருக்கு 'இல்லை'ன்னு. அந்தம்மாகிட்டயும் கேட்டுட்டேன். நிஜமாவே இல்லையாம்."