முப்பது பங்கு சாம்பல்

கல்லைக் குறை சொல்வது சோதனைக்கூடத்தில் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இந்த முறை அது கூடப்பிறந்த அண்ணனின் குவாரிக் கல்.

ஆற்றுப் பாலத்துக்கு அந்தக் கல்லை வாங்குவதாக இருந்தார்கள். அவள் அதைப் பொடித்து, சிமெண்ட் கலந்து சின்னக் கட்டைகளாக வார்த்து, கொதிக்காத குறையாகச் சூடாக்கிய காரக் கரைசலில் பதினான்கு நாள் ஊறப்போட்டாள். அனுமதித்த அளவைப்போல மூன்று மடங்கு நீண்டன. மேலெல்லாம் வலைபோல விரிசல். கல்லில் இருந்த ஒருவகைச் சிலிக்காவும் சிமெண்டின் காரமும் சேர்ந்தால் ஒரு பசை உண்டாகும். அது தண்ணீரைக் குடித்து வீங்கி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அண்ணன் போனில் பொரிந்து தள்ளினான். "எல்லாரும் நல்ல கல்லுங்கறாங்க. என் தங்கச்சி கண்ணுக்கு மட்டும் குறை தெரியுதா?"

"கல்லு உறுதியாத்தாண்ணா இருக்கு. சிமெண்டோட சேர்ந்தாத்தான் ஆகலை."

வைத்துவிட்டான். அப்புறம் பேச்சே இல்லை. அண்ணி மட்டும் ஒளிந்து ஒளிந்து கூப்பிட்டு, "சாப்பிடறப்பகூட உர்ருன்னே இருக்காரு" என்று சிரித்தாள்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. பாலத்துப் பொறியாளரிடம் போனாள். "சிமெண்டைக் கொஞ்சம் குறைச்சு, அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சேர்த்துப் பாக்கட்டுமா சார்? காரத்தை அது இழுத்து வெச்சுக்கும்."

"பாருங்க. ஆனா அளவெடுக்கறப்ப நானும் நிப்பேன். அண்ணன் விஷயமாச்சே."

"அதைக் கேக்கத்தான் சார் நானும் வந்தேன்."

நூற்றுக்குப் பதினைந்து பங்கு சாம்பல் போட்ட கட்டைகள் தேறவில்லை. முப்பது பங்கு போட்டவற்றை அளந்தபோது பொறியாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் அளவுமானியின் முள்ளைப் பார்த்தார். அனுமதித்ததில் பாதிகூட நீளவில்லை.

அண்ணி மூலமாகச் சேதி போய், மத்தியானமே அண்ணன் வந்து நின்றான். கட்டையைத் தொடப் போனவனை, "காரம்! கை வெந்துடும்!" என்று அதட்டிக் கையுறை கொடுத்தாள். வெடித்ததையும் வெடிக்காததையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டும் என் கல்லுதானா?"

"உன் கல்லேதான்."

"அப்பவே இப்படி ஒரு வழி இருக்குன்னு சொல்லக் கூடாதா?"

"நீதான் போனை வெச்சுட்டியே!"

பொறியாளர் சிரிப்பை மறைக்கச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வீடு கட்டறவங்களுக்கும் இந்தச் சாம்பல் விஷயத்தைச் சொல்லணுமா?" என்றான் அண்ணன்.

"ஈரம் படற இடம்னா கட்டாயம்."

"எழுதிக் குடு. குவாரி ஆபீஸ்ல ஒட்டறேன்."

பெரிய எழுத்தில் எழுதினாள். அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சத்தமாகப் படித்தான். "'ஈரப்பகுதி'ல ஒரு 'ப்' விட்டுட்டே" என்று பேனாவைப் பிடுங்கி, அவனே திருத்தினான்.