கூண்டு நாள் நிச்சயம்

"யோவ், அந்த டோக்கன எங்கிட்டக் குடு! மகளுக்கு நிச்சயம் வச்ச நாளுல படகுக்கு ஐஸ் ஏத்துற ஒரே அப்பன் நீதான்யா!"

"ஏன்டி கத்துற? புயல் வரும்னுதான நாள் குறிச்ச? எங்க புயலு? வந்து பாரு, கடலு கம்மாத் தண்ணி மாதிரி கெடக்கு!"

"வாரவுகளுக்கு வெத்தல யாரு மாத்துவா? நானா?"

"புயல் சொன்ன உம் மருமகனையே மாத்திக்கிறச் சொல்லு!"

கோகிலாவும் அவள் புருஷன் தவசியும் காலையில் போட்ட இந்தச் சண்டை பாம்பனில் அந்தத் தெரு முழுவதற்கும் கேட்டது. கேட்காமல் தூங்கிப்போன நாலைந்து பேருக்குப் பக்கத்து வீட்டு உமையாள் வரி விடாமல் சொன்னாள். இரண்டு வரி கூடவே சொன்னாள் என்றும் பேச்சு.

தவசியின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தத் தெருவில் எந்த நல்ல காரியத்துக்கும் ஐயரைக் கேட்பதற்கு முன்னால் வானிலையைக் கேட்பார்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகுகளுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். காது குத்து, பெண் பார்க்க வருவது, பாகப்பிரிவினை, பழைய சண்டையின் பாக்கி எல்லாம் கூண்டு நாளுக்குத்தான் ஒதுக்கி வைக்கப்படும். தூரத்தில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகிறது என்று செய்தி வந்தால் மற்ற ஊர்களில் பயப்படுவார்கள். இங்கே சமையல்காரரைத் தேடுவார்கள்.

கோகிலா இன்னும் ஒரு படி மேலே போனாள். மாப்பிள்ளையிடமே நாள் கேட்டாள். தவசியின் அப்பா காலத்தில்தான் அந்தக் குடும்பம் முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து கடலோரம் வந்தது, சொந்தம் விட்டுப்போகவில்லை. மகள் ஜெயப்பிரியாவுக்குப் பேசியிருந்த தர்மராஜ் முதுகுளத்தூரில் உரக்கடை வைத்திருந்தான். அதோடு 'நம்ம ஊரு மழை' என்று யூடியூபில் வானிலை சொல்வான். அவனுக்குப் பின்னால் சிவப்பும் ஊதாவுமாக வரைபடம் சுழலும். பார்ப்பவர்கள் எல்லாம் மிளகாய் விவசாயிகள். கடலோரத்திலிருந்து கோகிலா மட்டும். "அத்தே, புதன்கிழமை கண்டிப்பா கூண்டு ஏறும்" என்றான். அவள் அன்றைக்கே பந்தலுக்குச் சொல்லிவிட்டாள்.

கூண்டு முன்கூட்டியே ஏறியது. நாலு நாள் எல்லோரும் கரையில் கிடந்தார்கள். புதன்கிழமை காலையில் மண்டலம் வலுவிழந்துவிட்டது என்று கூண்டை இறக்கினார்கள். காற்று மறுபடி கூடலாம், மாலைக்குள் கரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லித்தான் டோக்கன் கொடுத்தார்கள். மாலை என்றால் நம் ஆட்களுக்கு மறுநாள் காலை. தவசி போனான். கோகிலாவின் தம்பி ராக்கப்பன், அதாவது பெண்ணின் தாய்மாமன், தன் படகில் போனான். பந்தலுக்குக் கம்பு ஊன்ற வந்தவனும் கம்பைப் போட்டுவிட்டுப் போனான், மீதியைப் பெண்களே கட்டி முடித்தார்கள்.

பத்து மணிக்கு மேல் வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா வீரபத்திரன் இறங்கித் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"என்ன தாயி, ஒரு ஆம்பளையையும் காணோம்? வேன் தப்பான தெருவுக்கு வந்துருச்சோ?"

"கடலுக்குப் போயிருக்காகண்ணே. வந்துருவாக."

"தாய்மாமன்?"

"அவனுந்தான்."

"பந்தி பரிமாற?"

"அவுகளுந்தாண்ணே."

வீரபத்திரன் நாற்காலியில் உட்கார்ந்து துண்டை உதறினார். "பொழுது சாயறதுக்குள்ள மச்சான் வந்து எங்கையில வெத்தல மாத்தணும். இல்லேன்னா தட்டத் தூக்கிட்டு வேன்ல ஏறிருவோம். கமுதியில ஒரு எடம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக."

அது கோகிலாவும் பிரியாவும் ஒரு வருடமாக ஆசைப்பட்ட சம்பந்தம். கோகிலா மாப்பிள்ளையைத் தேடினாள். அவன் கொல்லைப்புறத்தில் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டுச்சேலையோடு பிரியாவும் அங்கேதான் நின்றாள்.

"அத்தே, காத்து வரப்போகுது. கரைஞ்ச மண்டலம் மறுபடி கூடிருச்சு. சாயங்காலம் தென்கடல்ல ஆரம்பிச்சு இங்கன வந்துரும்."

"மாப்ள, உங்க அய்யாவச் சமாளிக்கிறதுக்காகச் சொல்றீகளா?"

பிரியா குறுக்கே புகுந்தாள். "போன வாரமும் கண்டிப்பா வரும்னுதான சொன்னீக? அது எதப் பாத்துச் சொன்னீக?"

தர்மராஜ் அண்டாவைப் பார்த்தான். "அன்னைக்கு ரெண்டு வானிலைப் படம் இருந்துச்சு. ஒண்ணு வரும்னுச்சு. இன்னொண்ணு இலங்கைக்கு அங்கிட்டே கரைஞ்சிரும்னுச்சு. அத்தை ஆசையா நாள் கேட்டாக. வாரதக் காட்டுனேன்."

"மத்தத?"

"காட்டல."

"இப்ப?"

"இப்ப ரெண்டும் ஒண்ணையேதான் சொல்லுது. சத்தியமா."

கோகிலா அங்கேயே நின்றாள். காற்று வந்தால் புருஷனும் தம்பியும் நடுக்கடலில். வராவிட்டால் அவர்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பப்போவதில்லை, சம்பந்தம் வேனில் ஏறிவிடும். காலையில் புயல் வரவில்லையே என்று மாரில் அடித்துக்கொண்டவள் இப்போது வந்துவிடக் கூடாதே என்று வேண்டினாள். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் படகுச் சங்கத்து அறைக்கு ஓடினாள். வயர்லெஸ் அங்கேதான் இருந்தது. அதில் ஒரு வீட்டுப் பேச்சு எல்லாப் படகுக்கும் கேட்கும்.

"யோவ், காத்து வருதாம். திரும்புங்க."

கடலிலிருந்து சிரிப்பு வந்தது. "மருமகன் சொன்னாரா? வெத்தல மாத்த ஆளு இல்லையோ?"

இன்னொரு படகிலிருந்து ராக்கப்பன், "அக்கா, உன் பந்திக்காக நாங்க டீசல எரிக்கணுமா?" என்றான். யாரோ விசிலும் அடித்தார்கள்.

கோகிலா மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"நிச்சயம் நின்னு போச்சுய்யா. வேன நானே திருப்பி அனுப்பிட்டேன். இனி எனக்கு வெத்தலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ உசுரோட வந்து சேரு."

வயர்லெஸ் இரைந்தது. யாரும் சிரிக்கவில்லை. இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் கோகிலா கையில் பிடித்ததை விட்டுக்கொடுத்துத் தவசி பார்த்ததே இல்லை. புளி விற்பவனிடம்கூட விட மாட்டாள். அவளே சம்பந்தத்தை விட்டுவிட்டாள் என்றால் காற்று நிஜம்தான் என்று அவனுக்குப் பட்டது. வலையை வாரச் சொல்லிப் படகைத் திருப்பினான். அவன் திரும்புவதைப் பார்த்து ஒவ்வொன்றாக மற்றவையும் திரும்பின. ராக்கப்பன் திரும்பவில்லை.

தவசி கரையேறித் தெருமுனைக்கு வந்தபோது வேன் நின்ற இடத்திலேயே நின்றது. வீரபத்திரன் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அடியேய் கோகிலா!" என்று தவசி ஆரம்பித்தான். காலையில் பாதியில் நின்ற சண்டைக்கு இரண்டாம் பாகம் என்று உமையாள் வாசலுக்கே வந்துவிட்டாள். அவன் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் தெற்கேயிருந்து ஒரு வீச்சு வந்து பந்தல் துணியைப் பிய்த்துக்கொண்டு போனது. வாசலில் கட்டியிருந்த வாழைமரம் சாய்ந்து வீரபத்திரன் மடியில் விழுந்தது. தவசி சண்டையை விட்டுவிட்டு மரத்தைத் தூக்க ஓடினான்.

வீட்டுக்குள் நின்று வெற்றிலை மாற்றினார்கள். தெருவின் ஆண்கள் எல்லோரும் மீன் வாடையோடு வரிசையாக நின்றார்கள். சம்பந்திகள் மூக்கைப் பிடிக்காமல் நாகரிகமாக இருந்தார்கள். அதற்குள் முதுகுளத்தூரிலிருந்து போன் வந்தது. மிளகாய்க் காட்டில் நல்ல மழையாம். அதைக் கேட்டதும் வீரபத்திரன் மருமகளுக்கு இன்னொரு சேலை எடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

ராக்கப்பன் இருட்டிய பிறகு பாதி வலையைக் கடலில் விட்டுவிட்டு நனைந்து வந்து சேர்ந்தான். உயிர் தப்பியது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தாய்மாமன் வருவதற்கு முன் வெற்றிலை மாற்றிவிட்டார்கள் என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

கல்யாணத்தை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்தார்கள். அப்போது எந்தப் படகும் போகாது. யாரையும் நாள் கேட்க வேண்டியதில்லை. பிரியா முதுகுளத்தூருக்குப் போய்விட்டாள். 'நம்ம ஊரு மழை'யில் இப்போது இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் போடுகிறார்கள். ஒன்றைக் காட்டி மற்றதை மறந்தால் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் இருமுவது கேட்கும். ராக்கப்பன் கோபம் தீராமல் மேற்கே இருக்கும் இன்னொரு கடலோர ஊரான மூக்கையூருக்குக் குடிபோனான். அவன் மகளுக்கு அங்கே வரன் பார்க்கிறார்கள். கூண்டு ஏறியதும் நிச்சயத்துக்குக் கோகிலாவைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறானாம்.