திறக்காத ஏழாம் பாடம்

கிரேன் ஓட்டும் உரிமத்தைத் திரும்ப வாங்க நான் எட்டுப் பாடங்கள் படித்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் எங்கெங்கோ தேடி, பயிற்சிப் பள்ளியின் வீடியோக்களை என் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தார். ஏழாவது மட்டும் இல்லை.

"அது திறக்கல. முக்கியமில்ல, விடு."

விட்டேன். அவர் சொன்னால் எனக்கு வேதவாக்கு. சைட்டில் நான் மேலே கேபினில். அவர் கீழே நின்று கையால் சைகை காட்டுபவர். "மேல உக்காந்திருக்கிற பொண்டாட்டிய ஒத்த விரல்ல ஆட்டிவைக்கிறான்யா" என்று மேஸ்திரி கிண்டல் செய்வார். உண்மைதான். சுமை இறங்கும் இடம் அவ்வளவு உயரத்திலிருந்து எனக்குத் தெரியாது. அவர் கையை நம்பித்தான் இறக்குவேன்.

போன வருடம் இரும்புக் கட்டு இறங்கி ஒரு கொத்தனாரின் கால் நொறுங்கியது. 'நிறுத்து' என்று தான் காட்டியதாகவும் நான் கவனிக்கவில்லை என்றும் இவர் எழுதிக் கொடுத்தார். உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்குத் தெரியவே இல்லையே என்று நான் அழுதபோது, "வெயில்ல கண்ணு கூசியிருக்கும்" என்று தேற்றினார். கண் மருத்துவரிடம் கூட்டிப் போனார். கண்ணாடி அவசியமில்லை என்று மருத்துவர் சொல்லியும், "எதுக்கும் இருக்கட்டும்" என்று இவர் வாங்கி மாட்டிவிட்டார். கொத்தனாரின் கட்டிலருகே நின்று மன்னிப்புக் கேட்டவளும் நான்தான்.

உரிமத் தேர்வு நெருங்கியது. ஏழாவதிலிருந்து கேள்வி வந்தால் என்ன செய்வது? பள்ளியின் இணையதளத்தில் நானே தேடினேன். தட்டியதும் திறந்துகொண்டது.

தலைப்பு, 'சைகையை மீறினால்'. பார்த்தால் எங்கள் சைட், எங்கள் விபத்து! சைட் கேமராவில் பதிவான காட்சியை முகங்களை மறைத்துப் போட்டிருந்தார்கள். 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்றது ஒரு குரல்.

பார்த்தவர்கள் எல்லோரும் இரும்பைத்தான் பார்த்திருப்பார்கள். எனக்குப் பழக்க தோஷம், கையைத் தேடினேன். ஓரத்தில் மஞ்சள் சட்டை. ஒரு கையில் போன், காதோடு ஒட்டியபடி. இன்னொரு கையின் விரல் தரையைப் பார்த்து வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது: இறக்கு, இறக்கு. கொத்தனார் விழுந்த பிறகுதான் அந்தக் கை நீண்டு 'நிறுத்து' காட்டியது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். அதே வட்டம்தான்.

சாப்பிட உட்கார்ந்தோம். அவர்தான் பரிமாறினார், பாசத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

"இன்னும் கொஞ்சம் போடவா?"

கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டினேன். நிறுத்து. கரண்டி அந்தரத்தில் நின்றது.

"பாருங்க, சட்டுன்னு தெரியுதுல்ல? அன்னைக்கு நீங்க காட்டியிருந்தா எனக்கும் இப்படித்தான் தெரிஞ்சிருக்கும்."

அவர் முகம் வெளுத்தது. "ஏழாவத பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"போன் பேசினது தெரிஞ்சா என்னை உள்ள தள்ளியிருப்பாங்கடி. பயந்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருந்தா பழிய நானே ஏத்துக்கிட்டிருப்பேன். என் கண்ணையே நான் நம்பாதபடி பண்ணிட்டீங்களே! கூடவே இருந்து, கண்ணாடியும் வாங்கிக் குடுத்து!"

கண்ணாடியைக் கழற்றி அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கொத்தனார் வீட்டுக்குப் போறேன். அவருக்கு முதல்ல இதப் போட்டுக் காட்டணும். அப்புறம் உரிமத்தப் பிடுங்கின ஆபீஸுக்கு."

போனை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வேண்டாம் என்பதுபோல் அவர் கை நீண்டது, உள்ளங்கை கீழே பார்த்தபடி.

தெளிவாகத் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.