டயல் டோனின் விக்கல்

வியாழக்கிழமை மாலையிலிருந்து கணினி ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தது: டயல் டோன் இல்லை. தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தால் டோன் இருக்கிறது. விக்கல் எடுத்தவன் மாதிரி விட்டுவிட்டு வந்ததே தவிர, இருந்தது. எண்ணைச் சுழற்றினால் லாக்ஸ்டன் ஊர் தீவனக் கடைக்காரன் எடுக்கிறான். இருப்பதை இல்லை என்று சாதிக்கும் பெட்டியை என்ன செய்ய? முதலில் கத்தினேன். பிறகு ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

பெட்டி என் மனைவி கிளெனிஸுடையது. அவள் அடிலெய்டில் தங்கை வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. "முப்பது வருஷமா நீயே பேசிட்டிருக்கே, டெஸ். திரும்பி வர்றதா வேண்டாமான்னு யோசிச்சு மெயில் போடறேன். ஃபோன் பண்ணாதே. நீ என்னைப் பேச விடமாட்டே," என்றாள் கிளம்பும்போது. தொலைபேசியில் ஏதோ புது வசதி வாங்கியிருப்பதாகவும் சொன்னாள். நான் அப்போது அவள் கார் டயரில் காற்றுக் குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெயில் பார்ப்பது எப்படி என்று அவள் எழுதி ஒட்டிவிட்டுப் போன காகிதத்தைப் பார்த்து தினமும் இணைத்தேன். கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு சேர்க்கும் மோடம் கீச்சிட்டு, கரகரத்து, சேர்ந்துகொள்ளும். கடிதம் இருக்காது. வியாழனிலிருந்து அந்தக் கீச்சும் போயிற்று. அவள் எழுதியிருந்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை என்ற பயத்தில் விதைப்பு வேலையே ஓடவில்லை.

திங்கள் மதியம் பக்கத்துப் பண்ணை கிளாரி வந்தான். டோன் விக்குவதைச் சொன்னேன்.

"ஆட்டு வேலியில விட்டிருக்கியே, அந்தக் கரண்டுடா அது. ஃபோன் லைன்ல டிக் டிக்னு அடிக்கும். ஆஃப் பண்ணு."

அணைத்தேன். டோனின் விக்கல் நிற்கவில்லை. என் கிடாக்கள் நான்கு கிளாரியின் பார்லிக்குள் போய்விட்டன. அவற்றைத் துரத்திக் கொண்டுவந்து அடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

"ரிசீவரைக் குடு, நான் கேட்கறேன்," என்றான் மூச்சு வாங்க.

"நீ என்னத்தைக் கேட்கப் போறே? டோன் இருக்கு. எனக்குக் காது இல்லையா?"

"சரிப்பா, கோவிச்சுக்காதே." மோடத்தோடு வந்த புத்தகத்தைப் புரட்டினான். பாதிப் பக்கம் எனக்குச் சீன மொழி. "இங்க பாரு. மோடம் முதல்ல டோனைக் காது குடுத்துக் கேட்குமாம். அது நினைக்கற மாதிரி டோன் வரலைன்னா டயல் பண்ணாதாம். கேட்காமலே பண்ணுன்னு சொல்லவும் ஒரு கட்டளை இருக்கு. எக்ஸ் மூணு."

"கேட்காம எப்படிடா பேசும்?"

"நீ பேசலையா?" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எக்ஸ் மூன்றை அடித்தேன். பெட்டி எதையும் கேட்காமல் எண்ணைச் சுழற்றியது. கீச்சு, கரகரப்பு, இணைப்பு. கிளெனிஸின் கடிதம் இருந்தது. வியாழக்கிழமை தேதி. ஒரே வரி.

'ஃபோன்ல எல்லாம் சொல்லியிருக்கேன். கேட்டுக்கோ.'

"எந்த ஃபோன்ல? எங்க சொன்னா? என்கிட்ட யாரும் பேசலையே!" என்று கத்தினேன்.

கிளாரி இணைப்பைத் துண்டித்து, என்னைக் கேட்காமலே ரிசீவரை எடுத்தான். அவன் முகம் மாறியது. "அடப்பாவி. எங்க வீட்லயும் இப்படித்தான் விக்கும். யாரோ சொல்லி வச்ச செய்தி காத்திருக்குன்னு அர்த்தம்டா. மோடத்துக்கு இந்த விக்கல் புரியலை, அதான் டோன் இல்லைன்னு சொல்லியிருக்கு. செய்தியைக் கேட்க நூத்தி ஒண்ணு அடி."

அடித்தேன். இரண்டு செய்திகள்.

முதலாவது, வியாழனன்று நான் விதைப்பில் இருந்த நேரம் வந்தது. "டெஸ், சனிக்கிழமை நாலு மணி பஸ்ல மரே பிரிட்ஜ்ல வந்து இறங்கறேன். சும்மா வந்து நில்லு, போதும். நீ வந்திருந்தா வீட்டுக்கு வர்றேன்."

அடுத்தது, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, நான் மோடத்தோடு மல்லுக்கட்டி லைனைப் பிடித்துவைத்திருந்த நேரம். லாரிகள் போகும் சத்தம். நெடுநேரம் கழித்து, "சரி, டெஸ்," என்று மட்டும்.

கிளாரி தொப்பியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனான். ஃபோன் பண்ணாதே என்று அவள் சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் தங்கை வீட்டு எண்ணைச் சுழற்றினேன். டயர், கிடா, வேலி, விக்கல், அந்தப் பாழாய்ப்போன மோடம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வாய் தயாராக இருந்தது.

"ஹலோ?" அவள்தான்.

வாயை மூடிக்கொண்டேன்.

"யாரு? ... டெஸ், நீயா?"

"ம்."

"ஏன் பேசாம இருக்கே? உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லை," என்றேன். "நீ சொல்லு. கேட்கறேன்."

மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. நான் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.