மைப்படி எடுக்காத கல்வெட்டு

இங்கிலாந்து மியூசியத்திலிருந்து கடிதம் வந்த அன்று ரத்தினசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. பனியனைத் தவிர வேறொன்றும் அறியாத திருப்பூரில் வரலாற்றுப் பாடம் நடத்திக் காலம் தள்ளும் கல்லூரி வாத்தியார் அவர். "பழசைக் கிண்டி என்னங்க சார் கண்டீங்க?" என்று எதிர்வீட்டுக்காரன் கேட்பான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டு இவரும் நடையைக் கட்டுவார்.

திருப்பூரை அடுத்த மங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய அம்மன் கோயில். திப்புவோடு நடந்த சண்டையில் அந்த வழியாகப் போன கும்பினிப் படையின் கேப்டன் ஒருவன், அங்கிருந்த அம்மனின் செப்புச் சிலையைத் தூக்கிக்கொண்டு போனான். மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பீற்றிக்கொள்ளவும் செய்தான். எந்தக் கோயில் என்று மட்டும் அந்தக் களவாணிப் பயல் எழுதவில்லை. அதை ஒன்பது வருடம் அலைந்து கண்டுபிடித்தவர் ரத்தினசாமி. கோயிலின் வடக்குச் சுவரில் இருந்த கல்வெட்டு, சிலை எத்தனை விரல் உயரம், எத்தனை பலம் எடை என்று சொன்னது. கேப்டன் கொண்டுபோய், இப்போது அந்த இங்கிலாந்து மியூசியத்தில் இருக்கும் சிலையின் அளவும் அச்சு அசல் அதுதான்.

ரத்தினசாமி பென்சிலால் நோட்டில் எழுதி அனுப்பியதை நம்ப முடியாது, கல்வெட்டின் போட்டோவோ மைப்படியோ அனுப்பினால் சிலையைத் திருப்பித் தருவது பற்றிப் பேசலாம் என்றது கடிதம்.

கல்வெட்டைக் கண்டுபிடித்த பிறகு எத்தனையோ தடவை போயும் அவர் ஒரு போட்டோவோ படியோ எடுக்கவில்லை. சுவரில் தாள் ஒட்டி மை தட்டினாலும், கேமராவோடு போய் நின்றாலும் ஊர் கூடிவிடும். செய்தி கோயமுத்தூரில் இருக்கும் இன்னொரு பேராசிரியர் காதுக்குப் போகும். அந்த ஆள் முந்திக்கொண்டு கட்டுரை போட்டுப் பேரைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். அவனுக்கு எதற்கு விருந்து வைப்பது?

மறுநாளே ஸ்டூடியோக்காரர் அங்கமுத்துவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். வாசலில் வாழை கட்டியிருந்தது. வடக்குச் சுவர் புதிதாகச் செதுக்கிய கல் மாதிரி வெளுத்து நின்றது. ஒரு எழுத்து இல்லை. நடுவில் ஒரு பளிங்குப் பலகை: 'உபயம்: ஈஸ்வரமூர்த்தி எக்ஸ்போர்ட்ஸ்'.

பனியன் கம்பெனி முதலாளி ஈஸ்வரமூர்த்தியே ஓடி வந்தார்.

"வாங்க சார், வாங்க. கும்பாபிஷேகத்துக்கு மணல் பீய்ச்சற மிஷின் வெச்சு அடிச்சுப்போட்டமுங்க. எண்ணூறு வருச அழுக்கு ஒரே நாள்ல போயிருச்சு."

"அழுக்கில்லய்யா, எழுத்து!" ரத்தினசாமிக்குக் குரல் கிழிந்தது. சிலை, கேப்டன், கடிதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். "வெள்ளைக்காரனாவது சிலையைத்தான் திருடினான். நீ அது நம்மளுதுங்கறதுக்கு இருந்த சாட்சியையே சுரண்டிப்போட்டியேய்யா! பணம் வந்தா புத்தி போயிருமா?"

ஈஸ்வரமூர்த்தி முகம் வெளிறிப்போனது. "தெரியாம பண்ணிப்போட்டனுங்க. வேணும்னா புதுச் சிலை ஒண்ணு செஞ்சு வெச்சுடறனுங்க. அதவிட அரையடி பெருசாவே."

அங்கமுத்துவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ரத்தினசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"இல்லீங்க சார், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி. கேலி இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "ஒரு பனியன் சாம்பிள் சீமைக்குப் போனா, அதே மாதிரி ஒண்ணை நாங்க கம்பெனியில பூட்டி வெச்சுக்குவமுங்க. நாளைக்குச் சரக்கு வாங்கற பையர் தகராறு பண்ணுனா காட்டறதுக்கு. கட்டிங் மாஸ்டர்ல இருந்து கை மடிக்கிற பொண்ணு வரைக்கும் இது தெரியும். நீங்க எத்தனையோ தடவை வந்து பாத்திருக்கறீங்க. ஒரு நகல் எடுக்கலீங்களா?"

ஊரையே வாயில் போட்டு மென்ற ரத்தினசாமியை வெட்கம் பிடுங்கித் தின்றது. கோயமுத்தூர்க்காரனிடம் ஒரு படி இருந்திருந்தால் பேர் அவனுக்குப் போயிருக்கும். அம்மன் ஊருக்கு வந்திருப்பாள்.